இலாரியாவின் மூன்றாவது ஊர்

நார்வேக்கு நான் போனது ஒரே ஒரு கையெழுத்துக்காக. அம்பத்தூரில் எங்கள் கம்பெனி கப்பல்களுக்கு வின்ச் செய்கிறது. நங்கூரச் சங்கிலியை இழுத்துச் சுற்றும் எந்திரம். அது கப்பலில் ஏற வேண்டுமானால் ஆஸ்லோவில் ஓர் அலுவலகத்தில் ஒருவர் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். 2003ஆம் வருடம், அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வரைபடச் சுருளைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தேன். கையெழுத்துக்காரர் சீட்டில் இல்லை.

"காட்டில் இருக்கிறார்" என்றார் வரவேற்பில் இருந்த பெண்மணி. அவருக்குக் காட்டுக்குள் ஒரு மரவீடு இருக்கிறதாம். அங்கே போனால் போனை எடுக்க மாட்டாராம். வியாழக்கிழமைதான் வருவாராம். நம் ஊரில் அதிகாரி இல்லையென்றால், "இப்பத்தான் டீ குடிக்கப் போனார்" என்று மரியாதைக்காவது ஒரு பொய் சொல்வார்கள். இங்கே உண்மையை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, காப்பி வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

தங்கியது ஆஸ்லோவுக்குக் கிழக்கே, லோறென்ஸ்கூக்கில், ஜசிந்தா வீட்டில். ஜசிந்தாவுக்குச் சொந்த ஊர் மன்னார். எண்பதுகளில் அகதியாகத் திருச்சிக்கு வந்து, என் மனைவியோடு ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். இப்போது ஒரு மழலையர் பள்ளியில் வேலை. கணவர் அன்ரன், வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் பல வருடம் மீன் வெட்டிவிட்டு, இப்போது விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். ஒரே மகள் நிரோஷாவுக்குப் பதினைந்து வயது.

"அண்ணா, குறை நினைக்காதேங்கோ. உங்களுக்குக் கீழ் அறைதான். மேல் அறையிலை ஒரு இத்தாலிப் பிள்ளை இருக்கிறா" என்றார் ஜசிந்தா.

விஷயம் இதுதான். ஆஸ்லோவில் அந்த வாரம் பெண்களுக்கான ஒரு சின்ன சர்வதேச டென்னிஸ் போட்டி. இந்த மாதிரிப் போட்டிகளுக்கு வரும் பெண்களுக்கு ஓட்டல் கட்டுப்படியாகாது. அதனால் உள்ளூர் கிளப்பில் இருப்பவர்கள் ஆளுக்கொருவரைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். நிரோஷா அந்தக் கிளப்பில் ஆடுகிறாள். வீட்டில் யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டாள்.

"வீட்டுக்கு வாற ஆளுக்குச் சாப்பாடு குடுக்கிறது எங்களுக்கென்ன புதுசோ?" என்றார் ஜசிந்தா. உண்மைதான். அந்த வீட்டில் நானும் இருந்தேன்.

சனிக்கிழமை மாலை அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பெயர் இலாரியா. பத்தொன்பது வயது. ஆட்ரியாடிக் கடலோரத்தில் ஒரு சிறு ஊர். தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்த வேகத்தில் புருவங்களே மேலேறி நின்றன. வலது கை இடது கையைவிடப் பருமன். ஒரே உடம்பில் இரண்டு பேருடைய கைகளை மாட்டிவிட்டது போல் இருந்தது. அன்றுதான் தகுதிச் சுற்றில் முதல் ஆட்டத்தை வென்றிருந்தாள். பிரதான போட்டிக்குள் நுழையவே இன்னும் இரண்டு ஆட்டங்கள் ஜெயிக்க வேண்டுமாம்.

சாப்பாட்டு மேசையில் இடியப்பம், சொதி, மீன் குழம்பு. இலாரியா இடியப்பத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு எழுந்து போய்த் தன் பையிலிருந்து ஒலிவ் எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து, இடியப்பத்தின் மேல் ஊற்றி, உப்புத் தூவி, பதினொன்று சாப்பிட்டாள்.

"கர்த்தாவே, சொதி இல்லாமலோ!" என்று ஜசிந்தா நெஞ்சில் கை வைத்தார்.

"இது ஜீரணிக்க லேசு. இனி ஆட்டத்துக்கு முன்னால் எனக்கு இதுதான் வேண்டும்" என்றாள் இலாரியா, எண்ணி எண்ணிப் பேசும் ஆங்கிலத்தில். ஜசிந்தா அன்றிரவே மாவு வறுக்கப் போய்விட்டார்.

அந்த மேசையில்தான் அவள் தன் நிலைமையைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல், பஸ் நேரம் சொல்வது போல. உலகத் தரவரிசைப் பட்டியலில் பெயர் வர வேண்டுமானால், ஒரு வருடத்துக்குள் மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும். அவள் இரண்டு ஊர்களில் எடுத்துவிட்டாள். முதல் ஊரில் எடுத்தது அடுத்த வாரத்தோடு காலாவதி. ஆகவே மூன்றாவது ஊர் ஆஸ்லோவாகத்தான் இருக்க வேண்டும். பிரதான போட்டியில் ஓர் ஆட்டம் ஜெயித்தால் ஒரு புள்ளி.

"இல்லாவிட்டால்?" என்று கேட்டேன்.

"சித்தப்பாவின் கண்ணாடிக் கடை. திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். அப்பாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்."

சொல்லிவிட்டுப் பன்னிரண்டாவது இடியப்பத்தை எடுத்துக்கொண்டாள். எனக்குத்தான் அதற்கு மேல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்ரனின் காரில் நானும் போனேன். பெரிய தகரக் கொட்டகை போல ஓர் உள்ளரங்கம். நான் டென்னிஸை டிவியில் பார்த்தவன். பூவேலைக் குடை, ஸ்ட்ராபெர்ரி, ஆயிரக்கணக்கில் கைதட்டல் என்று எதிர்பார்த்தேன். அங்கே பார்வையாளர்கள் மொத்தம் ஒன்பது பேர். அதில் ஒருவர் தூங்கினார். பந்து பொறுக்கப் பிள்ளைகள் இல்லை. ஆட்டக்காரிகளே ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியம், நடுவரே இல்லை. தகுதிச் சுற்றில் அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவர்தான் சொல்ல வேண்டும். எதிராளி அடித்த பந்து என் பக்கம் கோட்டுக்கு வெளியே விழுந்தால் நான் "அவுட்" என்பேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

அம்பத்தூரில் இதை வைத்து ஒரு நாள் கிரிக்கெட் நடத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். மாலைக்குள் போலீஸ் வந்துவிடும்.

அன்று இலாரியா வென்றாள். திங்கட்கிழமை, தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரே ஒரு ரஷ்யப் பெண். மூன்றாவது செட், இழுபறி. கடைசியில் ரஷ்யப் பெண்ணுக்கு இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் ஆட்டம் முடிந்தது என்ற நிலை. அவள் அடித்த பந்து இலாரியாவின் பக்கம் பின்கோட்டருகே விழுந்தது. வெளியே போய்விட்டது என்று ரஷ்யப் பெண்ணே தலையில் அடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். எனக்கும் வெளியேதான் தெரிந்தது. இலாரியா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். "பந்து சரி" என்று சொல்லிவிட்டு, கை கொடுக்க வலையை நோக்கி நடந்தாள்.

ரஷ்யப் பெண்ணுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. ஒரு மயிரிழை. அவளைத் தவிர யாருக்கும் தெரியாத உண்மை. அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடையைப் பார்த்து நடக்கிறாள், பத்தொன்பது வயதுப் பெண்.

இரவுச் சாப்பாட்டில்தான் நிரோஷா இன்னும் ஒரு வழி இருப்பதைச் சொன்னாள். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்கள், பிரதான போட்டியின் முதல் சுற்று நடக்கும் இரண்டு நாளும் காலை ஒன்பதரைக்குள் அரங்கத்துக்குப் போய் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் காத்திருக்கலாம். ஆட வேண்டிய யாருக்காவது காய்ச்சலோ சுளுக்கோ வந்து விலகினால், அந்த இடம் இவர்களுக்கு. பெயர் லக்கி லூசர்.

அன்ரனுக்கு அது விளங்கவில்லை. "அப்பா, அது வீகார் மாதிரி" என்றாள் நிரோஷா. நார்வேஜிய மொழியில் பதிலாளை அப்படித்தான் சொல்வார்களாம். அன்ரனின் முகம் மாறிவிட்டது.

"அதை ஏன் எனக்குச் சொல்லித்தாறாய்? பாட்ஸ்பியோர்ட்டிலை முதல் குளிர் முழுக்க நான் வீகார்தானே. விடிய அஞ்சு மணிக்கு ஃபாக்டரி வாசலிலை போய் நிக்கிறது. ஆருக்கும் கை வெட்டினால், ஆரும் குடிச்சிட்டு வராட்டில், உள்ளை கூப்பிடுவாங்கள். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வரவேணும் எண்டு மாதாவிட்டைக் கேட்டிருக்கிறன். பாவம்தான்." பிறகு இலாரியாவைப் பார்த்து ஆங்கிலத்தில், "போய் நிற்க வேண்டும். நிற்பதுதான் வேலை. வாசலில் நிற்காத ஆளை யாரும் கூப்பிட மாட்டார்கள்" என்றார். அவள் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலைத் திறந்தால் ஊரையே காணோம். முதல் பனி. வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியைப் பார்த்த நான் வாசலில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தபோது, அன்ரன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து தலையில் கை வைத்தார். பனிக்கால டயர் மாற்றவில்லை. கோடை டயரோடு அந்தச் சாலையில் போவது தற்கொலையாம். அவர் வேலைக்குப் போக விமான நிலைய பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

"அண்ணை, நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறியளோ? இந்த ரோட்டிலைதான் பஸ். அரை மணித்தியாலத்திலை அரங்கத்தடியிலை, ஹோலடியிலை இறக்கிவிடும். ஒன்பதரைக்கு முன்னம் பேர் எழுத வேணும்." பஸ் எண்ணை என் உள்ளங்கையிலேயே எழுதிவிட்டுப் போனார்.

"கவலையை விடுங்க அன்ரன். பெரம்பூர் பஸ்ல படியில தொங்கிட்டுக் காலேஜ் போனவன் நான்" என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எட்டேகாலுக்கு நான் நிறுத்தத்தில் தயார். வீட்டை ஒட்டியே ஒன்று, சாலைக்கு எதிரே ஒன்று என்று இரண்டு நிறுத்தங்கள். கார் தினமும் வாசலிலிருந்து இடப்பக்கம்தான் திரும்பும், நகரம் இடப்பக்கம். ஆகவே வீட்டை ஒட்டிய நிறுத்தம். யோசிக்கவே இல்லை. நாற்பத்து மூன்று வருடமாக நம் ஊர்ச் சாலைகளில் பழகிய உடம்பு தானாகப் போய் நின்றுகொண்டது.

பஸ் வந்தபோது இலாரியா இன்னும் வீட்டுக்குள். "இன்னும் ரெண்டு, ரெண்டே ரெண்டு" என்று ஜசிந்தாவின் குரல் கேட்டது. ஓட்டுநர் கதவை மூடப் போனார். நான் காலைத் தூக்கிப் படியில் வைத்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, "இலாரியா!" என்று தெருவே அதிரக் கத்தினேன். உள்ளே இருபது நார்வேக்காரர்கள் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். அங்கே யாரும் யாருக்காகவும் பஸ்ஸை நிறுத்துவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இலாரியா பெரிய பையோடு பனியில் வழுக்கி வழுக்கி ஓடிவந்து ஏறினாள். என் தோளைத் தட்டினாள். நான் ஒரு போரை வென்ற மாதிரி உட்கார்ந்தேன்.

பஸ் வலப்பக்கம் கிளம்பியது. எங்காவது வளைந்து திரும்பும் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்குத் தமிழ்நாட்டு வெயிலைப் பற்றியும், வின்ச் எப்படிச் சங்கிலியைப் பிடிக்கிறது என்பது பற்றியும் விளக்கினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். வீடுகள் குறைந்தன. மரங்கள் வந்தன. ஒரு குதிரை லாயம் வந்தது. ஆஸ்லோ நகரத்துக்குள் இவ்வளவு காடா என்று வியந்து அதையும் அவளிடம் சொன்னேன். பிறகு பஸ் ஒரு வட்டமடித்து நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றினார்.

"கடைசி நிறுத்தம்" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அந்த நாட்டில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. நகரத்துக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கத்து நிறுத்தத்துக்கு வரும். நான் அவளை நேர் எதிர்த் திசையில் கூட்டிவந்திருக்கிறேன். ஓட்டுநர் இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் திரும்பக் கிளம்புவார். டாக்சிக்குப் போன் செய்ய எங்கள் இருவரிடமும் அங்கே வேலை செய்யும் போன் இல்லை. சுற்றிலும் பனியும் ஒரு குதிரையும்தான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு குதிரையைப் பார்த்தாள்.

அரங்கத்தில் நாங்கள் நுழைந்தபோது மணி ஒன்பது ஐம்பது. பின்னல் ஸ்வெட்டர் போட்ட உயரமான பெண்மணிதான் போட்டிக்குப் பொறுப்பு. தாளை எடுத்து ஃபைலில் வைத்துவிட்டிருந்தார். நம் ஊர் முறையில் கெஞ்சினேன். மேடம் என்றேன், பனி என்றேன், இருபதே நிமிடம் என்றேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "ஒன்பதரை என்பது ஒன்பதரை" என்றார். எனக்கு ஒரு காப்பி கொடுத்தார்.

அன்று தாளில் கையெழுத்துப் போட்டிருந்தது ஒரே ஒரு டேனிஷ் பெண். மற்ற தோற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பதினொரு மணிக்கு இரண்டு பேர் காய்ச்சல் என்று விலகினார்கள். ஓர் இடம் டேனிஷ் பெண்ணுக்கு. இன்னோர் இடத்துக்கு ஆளில்லை. அந்த இடத்தை எதிர்த்து ஆட வேண்டிய பெண் பையைக் கூடத் திறக்காமல் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள். என் கண்ணெதிரே, இலாரியாவுக்கென்றே போட்ட நாற்காலி மாதிரி அந்த இடம் காலியாகக் கிடந்தது.

இலாரியா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "பின்னால் ஒரு கோர்ட் சும்மா இருக்கிறது. எனக்குப் பந்து போடுவீர்களா?" என்று என்னைக் கேட்டாள்.

போட்டேன். வலைக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு கூடைப் பந்தைக் கையால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவதுதான் வேலை. கூடை தீர்ந்ததும் இருவரும் பொறுக்குவோம். மறுபடியும் முதலிலிருந்து. ஒரு மூலையில் தண்ணீர்ப் புட்டி வைத்திருந்தாள். அதைச் சாய்த்தால் நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்தது. மூன்றரை மணிக்கு என்னால் கையைத் தூக்க முடியவில்லை. அவள் முகத்தில் அப்போதும் காலையில் கண்ட அதே நிதானம். இப்படி ஒரு மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. பயமாகவே இருந்தது.

மாலை வீட்டில் அன்ரன் கேட்டார். "என்னண்டு பிந்தினது?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பஸ் லேட்டு. பனி" என்று வந்தது.

நிரோஷா இலாரியாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். இலாரியா என்னை ஒரு தரம் பார்த்தாள். "ஆமாம், பனி" என்றாள்.

நேற்று ஒரு மயிரிழைக்குப் பொய் சொல்லாதவள் இன்று எனக்காகச் சொல்லிவிட்டாள். தரையில் ஒரு ஓட்டை இருந்தால் இறங்கியிருப்பேன். அதோடு முடிந்ததா? "என்ரை பிழை. போன கிழமையே டயர் மாத்தச் சொல்லி இவ சொன்னவ" என்றார் அன்ரன். "இல்லை, என்ரை பிழை. ரெண்டு இடியப்பம் கூடச் சாப்பிடு எண்டு மறிச்சு வைச்சனான். முதல் பஸ்ஸிலை போயிருப்பினம்" என்று ஜசிந்தா கண்ணைத் துடைத்தார். ஆளாளுக்கு என் பாவத்தைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சாப்பிட்டதும் அன்ரன் தெருவிளக்கு வெளிச்சத்தில், பனியில் முழந்தாளிட்டு, நான்கு டயர்களையும் மாற்றினார். நான் போல்ட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஏழே முக்காலுக்கெல்லாம் அன்ரன் எங்களை அரங்க வாசலில் இறக்கினார். கதவே திறக்கவில்லை. வாசலில் இலாரியா, நான், ஒரு பனி அள்ளும் வண்டி. தாளில் முதல் கையெழுத்து அவளுடையது. கீழே வேறு பெயர் இல்லை.

பிறகு காத்திருப்பு. பத்து மணி ஆட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பதினொன்றரை ஆட்டத்துக்கும் வந்தார்கள். ஒவ்வொரு பெண்ணாகக் கதவைத் திறந்து நலமாக, கன்னம் சிவக்க, சிரித்துக்கொண்டு வந்தாள். யாருக்காவது ஒரு சின்னச் சளியாவது பிடிக்கக்கூடாதா என்று நானும் மன்னார்க்காரர்களின் மடுமாதாவிடம் கேட்டேன். நான் முருக பக்தன், அவசரத்துக்குப் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு ஜசிந்தா அரை நாள் லீவு போட்டுவிட்டு இடியப்பப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். இலாரியா அளவாக ஐந்து சாப்பிட்டுவிட்டுக் கயிறு தாண்டினாள். உட்கார்ந்தால் கால் இறுகிவிடுமாம்.

அன்றைய கடைசி ஆட்டத்துக்கு ஒரு ஸ்வீடன் பெண் உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்தாள். திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஸ்வெட்டர் பெண்மணி அவளிடம் போய்க் குனிந்து பேசினார். பிறகு ஃபைலைத் திறந்து எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

"பத்து நிமிடம்" என்றார் இலாரியாவிடம்.

எதிரே செக் நாட்டுப் பெண். ஏற்கெனவே தரவரிசையில் இருப்பவள். முதல் செட்டை அவள் பறித்துக்கொண்டு போய்விட்டாள். ஜசிந்தா ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தார். இரண்டாவது செட்டில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். இலாரியா அடித்த பந்துகள் எல்லாம் ஒரே மூலைக்குப் போய்க்கொண்டிருந்தன. முந்தின நாள் தண்ணீர்ப் புட்டி இருந்த மூலை. அங்கே இப்போது புட்டி இல்லை. ஆனால் அவளுக்கு அது தெரிந்துகொண்டிருந்தது. செக் பெண் ஓடினாள், எடுத்தாள், மறுபடி ஓடினாள். மூன்றாவது செட்டில் அவளுக்கு மூச்சு வாங்கியது. வெளியே இருட்டிவிட்டது. அன்ரன் வேலை உடுப்போடு வந்து எங்கள் பின்னால் நின்றார். நிரோஷா என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

கடைசிப் பந்தை செக் பெண் வலைக்குள் அடித்தாள். பதினோரு பேர் கைதட்டினோம். அதில் ஐந்து பேருடைய சத்தம் ஜசிந்தா ஒருவரிடமிருந்தே வந்தது.

அன்ரனின் போனில் இலாரியா தன் அப்பாவைக் கூப்பிட்டாள். அதிகம் பேசவில்லை. "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "அழுகிறார். சித்தப்பாவிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லப்போகிறார்" என்றாள். பிறகு, "நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது, எட்டு மணிக்கு வருவீர்களா?" என்றாள்.

வியாழக்கிழமை அவள் தோற்றாள். எனக்குக் கையெழுத்து கிடைத்தது. காட்டிலிருந்து வந்தவர் முகமெல்லாம் குளிர் பட்ட சிவப்போடு, இரண்டு நிமிடத்தில் போட்டுத் தந்தார். வெள்ளிக்கிழமை நான் சென்னைக்கு விமானம் ஏறினேன். உண்மை என்னோடேயே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் அம்பத்தூர் பிரவுசிங் சென்டரில் தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. முதலில் அவள் பெயர் ஏறக்குறைய கடைசிப் பக்கத்தில் இருந்தது. மணிக்கட்டு அறுவைச் சிகிச்சை என்று ஆறு மாதம் பெயரையே காணோம். பிறகு வந்தது. பக்கம் பக்கமாக முன்னேறியது. ஒரு வருடம் பாரிஸில் தகுதிச் சுற்றைத் தாண்டிப் பிரதான போட்டிக்குள் நுழைந்தாள் என்று நிரோஷா ஈமெயில் அனுப்பினாள். பக்கத்து மேசைப் பையனுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஏனென்று அவனுக்குத் தெரியாது.

2008 அக்டோபரில் சான்றிதழைப் புதுப்பிக்க மறுபடி ஆஸ்லோ. இம்முறை கையெழுத்துக்காரர் சீட்டில் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தின நாள் போய் இறங்கினேன். ஜசிந்தா வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் நிரோஷாவின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கோடுகள் மேலே ஏறிப்போயின. பக்கத்திலேயே இன்னொரு வரிசை, இலாரியாவின் தரவரிசை எண்கள். மேலே நாலு இலக்கத்தில் தொடங்கிக் கீழே இறங்கி, கடைசியாக இரண்டே இலக்கம்.

அந்த இரண்டு இலக்கக்காரி சமையலறையில் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருந்தாள். வருடா வருடம் சீசன் முடிந்ததும் ஒரு வாரம் இங்கே வந்துவிடுவாளாம். வலது கை இன்னும் பருத்திருந்தது. "வாங்கோ" என்றாள் என்னைப் பார்த்து, மன்னார்த் தமிழில்.

இரவு மேசையில் அன்ரன் பழைய கதையை எடுத்தார். "அந்தப் பனி நாளிலை இருந்து நான் செப்டம்பரிலேயே டயர் மாத்திறனான். வெய்யில் எறிக்கும், நான் பனி டயரோடை போவன். லோறென்ஸ்கூக் முழுக்கச் சிரிக்குது." ஜசிந்தா இலாரியாவின் தட்டில் ஐந்து இடியப்பம் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். இன்னும் ஒன்று என்று கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. ஐந்து வருடமாக அந்த வீட்டில் அவர் யாரையும் வற்புறுத்துவதே இல்லை என்றாள் நிரோஷா. ஒரு மன்னார் வீட்டில் விருந்தாளியை வற்புறுத்தாமல் இருக்க ஒரு பெண்ணைப் பழக்கிவிட்டேன்.

"பஸ் லேட்டா வரல" என்றேன். "நான்தான் தப்பான பக்கம் நின்னு, தப்பான பஸ்ல ஏத்திட்டேன். உங்க டயரும் இல்ல, உங்க இடியப்பமும் இல்ல. என் தப்பு."

அன்ரன் கையிலிருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்தார்.

"அண்ணை" என்றார் அன்ரன் மெதுவாக, "அஞ்சு வருஷம். அஞ்சு செப்டம்பர்." பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். ஜசிந்தா சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் தட்டில் மூன்று இடியப்பம் வைத்தார். "சாப்பிடுங்கோ" என்றார். குரலில் கோபம் இருந்தது. நான் சாப்பிட்டேன்.

நிரோஷா மொழிபெயர்த்துச் சொன்னதும் இலாரியா தோளைக் குலுக்கினாள். "எனக்குத் தெரியுமே. குதிரையைப் பார்த்ததுமே தெரியும்."

"பிறகு ஏன் பனி என்று சொன்னாய்?"

"அடுத்த நாள் பந்து போட எனக்கு ஆள் வேண்டும். இவர்கள் உங்களைத் திட்டியிருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள்." அவள் சாதாரணமாகச் சொன்னாள். வாழ்க்கை கையைவிட்டுப் போன அந்த மாலையிலும் அவள் அடுத்த நாள் காலைப் பயிற்சியைத்தான் யோசித்திருக்கிறாள். கடைசிப் பக்கத்திலிருந்து இரண்டு இலக்கத்துக்கு எப்படி வந்தாள் என்று யாராவது கேட்டால் இனி நான் இதைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலை அவள் பழைய அரங்கத்தில் கிளப் பிள்ளைகளோடு ஆடப் போக வேண்டும். நான் அலுவலகம் போக வேண்டும். ஒரே பஸ். அவள் முன்னால் போய்விட்டாள். நான் சுருளை எடுத்துக்கொண்டு, காலணிக் கயிற்றைக் கட்டி, ஜசிந்தா வற்புறுத்திய இரண்டாவது கப் தேநீரையும் குடித்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டை ஒட்டிய நிறுத்தத்தில் அவளைக் காணோம். எங்கே போனாள் என்று வலப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, தெருவே அதிர, யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

சாலைக்கு அந்தப்புறம் நகரத்து பஸ் கதவைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே எல்லோரும் குனிந்து தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலாரியா ஒரு காலைப் படியில் ஊன்றி, பாதி உடம்பை வெளியே நீட்டி, அந்தப் பெரிய வலது கையால் என்னை வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தாள். நான் வரைபடச் சுருளை அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினேன்.